எந்தத் தண்ணீருக்கு எந்த ஈயம்? மட்டக்களப்பு, அம்பாறைத் தூண்டில்காரருக்கான முழு வழிகாட்டி

கல்லடிப் பக்கம் பின்னேரத்தில் தூண்டில் போட வரும் புதியவர்களின் பையைத் திறந்து பார்த்தால் இரையை இறக்கி நிறுத்தத் தூண்டிலில் கட்டும் ஈயம் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, அல்லது கூட்டாளி தந்தது. வாவிக்கும் அதுதான், கடற்கரைக்கும் அதுதான், குளத்துக்குப் போனாலும் அதுதான். மீன் கடிக்காவிட்டால் இரையை மாற்றுவார்கள், முள்ளை மாற்றுவார்கள், இடத்தைக்கூட மாற்றுவார்கள். ஈயத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள்.

ஈயத்தின் எடை கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விசயம். முதலில் ரொட்டும் (தூண்டில் தடி) தங்கூசியும் (நைலோன் நரம்பு), பிறகு தண்ணீரின் ஓட்டம், பிறகு தண்ணீரின் அடித்தரை, அதன்பிறகு வடிவம், கடைசியில் எடை. இந்த ஒழுங்கு குழம்பினால் எடையைச் சரியாகப் பிடிப்பது அதிர்ஷ்டம்தான். கீழே அதே ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்.

1. புறப்படுமுன் வைத்திருக்க வேண்டியவை

வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஈயத்தில் எடை பெரும்பாலும் பொறித்திருக்காது. வீட்டில் சமையலுக்கு வைத்திருக்கும் சின்னத் தராசு இருந்தால், வாங்கி வந்த ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையை மார்க்கர் பேனையால் எழுதிவிடுங்கள். தராசில் வைத்த ஈயத்தை மறுபடி உணவுப் பக்கம் கொண்டு போகாமல், அடியில் ஒரு கடதாசி விரித்து நிறுப்பது நல்லது.

தொடங்குபவருக்கு இவ்வளவு போதும்: தங்கூசியில் நசுக்கிப் பொருத்தும் பிளவு ஈயம் 1 முதல் 3 கிராம் வரை ஒரு சிறு டப்பா, நடுவில் துளையுள்ள முட்டை ஈயம் 5, 10, 20, 30 கிராமில் இவ்விரண்டு, தட்டை ஈயம் 30, 60 கிராமில் இவ்விரண்டு, கடற்கரைக்குப் போகிறவர் என்றால் கூர்நுனிப் பிரமிட் ஈயம் 60, 90 கிராமில் சில. இவற்றோடு சில சுவிவல் (தங்கூசி முறுகாமல் சுழலும் சிறு இணைப்பு), ஒரு சிறு குறடு, சைக்கிள் வால்வு ரியூப் ஒரு துண்டு. இந்த ரியூப் எதற்கு என்பது ஆறாவது பகுதியில் வரும்.

ஒரே அளவில் பத்து வாங்குவதை விட ஐந்து அளவில் இரண்டிரண்டு வாங்குவது மேல். கரையில் நின்றுகொண்டு அளவை மாற்ற முடியாவிட்டால், இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் உதவாது.

2. ரொட்டும் தங்கூசியும் எவ்வளவு தாங்கும்?

ரொட்டின் பிடிக்குச் சற்று மேலே, எவ்வளவு எடையை வீசலாம் என்று அச்சிட்டிருக்கும். 40–80 கிராம் என்று இருந்தால் அது ஈயமும் இரையும் சேர்ந்த கணக்கு. பெரிய இறால் ஒன்றும் முள்ளும் சேர்ந்தாலே 20 கிராம் வந்துவிடும். ஆகவே அந்த ரொட்டுக்கு 60 கிராம் ஈயம்தான் எல்லை. சில ரொட்டுகளில் அவுன்சில் போட்டிருப்பார்கள்; ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். கீழ் எல்லையும் முக்கியம். 40 கிராமில் தொடங்கும் ரொட்டில் 10 கிராம் ஈயத்தைக் கட்டினால் ரொட் வளையாது, வீச்சு காலடியிலேயே விழும்.

தங்கூசிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வீசும் ஒவ்வொரு அவுன்சுக்கும் 10 இறாத்தல் பலம். 60 கிராமுக்கு 20 இறாத்தலுக்கு மேல், 90 கிராமுக்கு 30 இறாத்தலுக்கு மேல். கிலோவில் போட்டிருந்தால் 10 இறாத்தல் என்பது 4.5 கிலோ. மெல்லிய தங்கூசிதான் ரீலில் இருக்கிறது என்றால், நுனியில் மட்டும் தடித்த தங்கூசி ஒரு துண்டு கட்டுங்கள். வீசுவதற்குத் தயாராக நிற்கும்போது அந்தத் தடித்த துண்டு ரீலில் நாலைந்து சுற்றாவது ஏறியிருக்க வேண்டும். முழு விசையும் வீசும் அந்தக் கணத்தில்தான் வருகிறது.

இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பாலத்திலோ சன நெரிசலான கடற்கரையிலோ தங்கூசி அறுந்து பறக்கும் 90 கிராம் ஈயம் ஒருவரின் கண்ணை எடுத்துவிடும். ரீலைத் தொடுமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

3. தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா?

ஒரு காய்ந்த இலையையோ தேங்காய்ப் பொச்சுத் துண்டையோ தண்ணீரில் போட்டு, அதோடு கரையில் நடந்து பாருங்கள். மெல்ல நடந்தாலே அதை முந்திவிடலாம் என்றால் ஓட்டம் குறைவு. சாதாரண நடைக்கு ஈடாக வந்தால் நல்ல ஓட்டம். நடையில் பிடிக்க முடியாவிட்டால் அன்றைக்கு வேறு இடம் பார்ப்பது புத்தி.

இப்படி அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டம் இரண்டு மடங்கானால் தங்கூசியையும் இரையையும் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் நேற்றுச் சரியாக இருந்த 20 கிராம், இன்று ஓட்டம் கொஞ்சம் கூடியதும் நிற்கவே மாட்டேன் என்கிறது.

தங்கூசியின் தடிப்பும் இதே கணக்கில் சேரும். 0.50 மில்லிமீட்டர் தங்கூசியை 0.25க்கு மாற்றினால் தண்ணீர் தள்ளும் பரப்பு பாதியாகிவிடும். ஈயத்தைக் கூட்டுமுன் தங்கூசியை மெல்லியதாக்க முடியுமா என்று பாருங்கள். முன்பகுதியில் சொன்ன பலத்தின் எல்லையை மட்டும் மறக்க வேண்டாம்.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கிழக்குக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதுபோல் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்து மட்டும் ஈயம் எடுத்தால் வாவியில் ஏமாற்றம்தான். மட்டக்களப்பு வாவியின் ஓட்டத்தை முடிவு செய்வது பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம். மாரி மழையில் மேலேயிருந்து வெள்ளம் இறங்கி முகத்துவாரம் திறந்திருந்தால், தண்ணீர் நாட்கணக்கில் கடலை நோக்கி இழுக்கும். கோடையில் மணல் மூடிவிட்டால் அதே இடம் குளம்போல் கிடக்கும். எனவே போன மாதம் அங்கே எந்த ஈயம் பிடித்தது என்று கேட்பதை விட, முகத்துவாரம் இப்போது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

காற்றை ஓட்டம் என்று தவறாக எண்ணிக்கொள்வதும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்தண்ணீர் ஓடுவதுபோல் தெரியும், அடியில் தண்ணீர் அசையாமல் இருக்கலாம். தங்கூசி காற்றில் வில்லாக வளைந்து ஈயத்தை இழுக்கும். அப்போது ரொட்டின் நுனியைத் தண்ணீருக்குக் கிட்டத் தாழ்த்திப் பிடித்தால் போதும், ஈயத்தைக் கூட்டத் தேவையில்லை. கடற்கரையில் இதற்கு எதிர்மாறு: அலை தங்கூசியில் அடிக்காதபடி நுனியை உயர்த்தி வைக்க வேண்டும்.

4. அடியைத் தேடிப் பாருங்கள்

முள் கட்டாமல் ஈயத்தை மட்டும் வீசி, அடியில் விட்டு, மெல்ல இழுங்கள். தங்கூசியை விரல் நுனியில் தாங்கிப் பிடித்தால் அடி என்னவென்று விரலுக்குத் தெரியும். மணல் என்றால் சீராக வழுக்கி வரும். சேறு என்றால் முதலில் ஒட்டிப் பிடித்து, பிறகு சட்டென்று விடும். கல்லும் சிப்பியும் டக் டக் என்று தட்டும். பாசி என்றால் பாரமாக, இழுபட்டு, ஈயத்தோடு சேர்ந்தே வரும்.

விரலை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி: ஈயத்தின் அடியில் சிறு குழி இருந்தால் அதில் கொஞ்சம் சவர்க்காரம் அப்பி இறக்குங்கள். அடியில் இருக்கும் மணலோ சிப்பித் தூளோ அதில் ஒட்டி மேலே வரும். ஒன்றுமே ஒட்டாமல் சவர்க்காரத்தில் கீறல் மட்டும் இருந்தால் கீழே பாறை.

முள்ளோடு முதல் வீச்சை வீசி, அது சிக்கி அறுந்த பிறகு கல் என்று கண்டுபிடிப்பதுதான் வழமை. ஈயத்தை மட்டும் வீசினால் சிக்குவதும் குறைவு, சிக்கினாலும் முள் மிஞ்சும்.

5. அடிக்கு ஏற்ற வடிவம்

மணலில் பிரமிட். கூரான விளிம்பு மணலில் புதைந்து பிடிக்கும், அதனால் கூடுதல் எடை இல்லாமலே நிற்கும். அதையே கல்லில் போட்டால் விளிம்பு இடுக்கில் மாட்டும்.

சேற்றில் தட்டை ஈயம். உருண்டை ஈயம் சேற்றில் அமிழ்ந்து இரையையும் உள்ளே இழுத்துவிடும். தட்டையானது மேலே படுக்கும். எடையையும் குறைவாக வையுங்கள்.

கல்லில் நீண்ட, வழவழப்பான, மாங்காய் வடிவ ஈயம். விளிம்பு இல்லாததால் இடுக்கிலிருந்து நழுவி வரும். நேராகக் கீழே இறக்கும் வள்ளத்துத் தூண்டிலுக்கும் இதுதான், வேகமாக அடிக்குப் போகும்.

ஓடும் தண்ணீரில் இரையைக் கொஞ்சம் உருள விட வேண்டுமென்றால் முட்டை அல்லது உருண்டை ஈயம். இரை நகரக் கூடாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிளக்கன் மணலில் இரை தேடி அலையும் மீன். இரை மெல்ல உருண்டு போனால் அதற்குச் சந்தோசம். கல்லடிக் கடற்கரையில் அமைதியான காலையில் 15–20 கிராம் உருண்டை ஈயத்தோடு மெல்ல இழுத்து வருபவர், 80 கிராமை நட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரை விடக் கூடுதலாக எடுப்பார்.

6. கட்டும் முறை

ஈயம் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

ஓடும் ஈயம்: தங்கூசி ஈயத்தின் துளை வழியாகப் போகும், அதற்குக் கீழே சுவிவல், அதற்குக் கீழே முழ அளவுத் தங்கூசியில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு போகும்போது ஈயத்தின் பாரம் அதற்குத் தெரியாது. கொடுவாவுக்கு உயிர் இரை போடும்போது இதுதான் வேண்டும். கொடுவா பாரத்தை உணர்ந்தால் துப்பிவிடும். ஈயம் முடிச்சில் நேரடியாக மோதினால் முடிச்சு நாளடைவில் நைந்துபோகும். அதற்குத்தான் அந்த வால்வு ரியூப்: விரல் நக அளவு வெட்டி, ஈயத்துக்கும் சுவிவலுக்கும் இடையில் கோர்த்துவிடுங்கள்.

அடி ஈயம்: ஈயம் ஆகக் கீழே, முள் அதற்கு மேலே பக்கக் கிளையில். கல்லிலும் சேற்றிலும் இதுதான் வசதி, இரை அடியில் படாமல் சற்று மேலே நிற்கும். இதில் ஈயத்தை மட்டும் பலம் குறைந்த தங்கூசியில் கட்டுங்கள். ரீலில் 15 கிலோ தங்கூசி என்றால் ஈயத்துக்கு 6 கிலோ. சிக்கினால் ஈயம் மட்டும் போகும், மீனும் முள்ளும் வீடு வரும். ஆனால் பலமாக வீசும்போது அந்த மெல்லிய துண்டுதான் முதலில் அறும். ஆகவே இந்தக் கட்டு, மெல்லப் போடும் இடத்துக்கும் நேராக இறக்கும் இடத்துக்கும் மட்டும்.

7. இடத்துக்கு ஏற்ற எடை

இந்த எண்கள் தொடங்குவதற்கு. எட்டாவது பகுதியில் உள்ள சோதனைதான் கடைசி முடிவு.

வாவி, முகத்துவாரம் மூடிய கோடையில்: 5 முதல் 15 கிராம். ஓட்டமே இல்லை என்றால் ஈயமே இல்லாமல் இரையின் பாரத்தில் போடலாம். ஆற்றுவாழை மிதந்து வரும் இடங்களில் எடையைக் கூட்டிப் பயனில்லை; தங்கூசியில் அது வந்து தொங்கினால் எந்த ஈயமும் நகரும். ஆற்றுவாழை போகும் பாதைக்கு வெளியே நகர்ந்து நில்லுங்கள்.

பாலங்களுக்குக் கீழே: தூண்களுக்கு இடையில் தண்ணீர் ஒடுங்கி வேகமெடுக்கும். திறந்த வாவியில் 10 கிராம் போதுமென்றால் இங்கே 30 வேண்டிவரலாம். தூணின் பின்புறம் தண்ணீர் சுழன்று மெதுவாகும் ஒரு பகுதி உண்டு. அங்கே குறைந்த ஈயம் போதும், மீனும் அங்கேதான் ஒதுங்கி நிற்கும். கல்லடியில் ஒருமுறை ஒரு தம்பி ஓட்டத்தின் நடுவே 60 கிராமைப் போட்டுவிட்டு, “அண்ணே, கிறுகிக் கிறுகிக் கரைக்கே வருது, இன்னும் பெரிய ஈயம் இரிக்கா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் அதைக் கழற்றி, 15 கிராம் கட்டி, தூணுக்குப் பின்னால் போடச் சொன்னார். “மறுகா பாருங்க தம்பி” என்றார். கொஞ்ச நேரத்தில் செப்பலி ஒன்று ஏறியது.

முகத்துவாரம், வெள்ளம் இறங்கும் நாட்களில்: 60 முதல் 90 கிராம் வரை. கரை மணல் அரித்து இடியும் இடம் அது, விளிம்பில் நிற்க வேண்டாம். அதற்கு மேலும் எடை கேட்டால் அன்றைக்கு அங்கே தூண்டில் வேலை இல்லை.

கடற்கரை, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அமைதியான நாட்களில்: 40 முதல் 60 கிராம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் கரை செங்குத்தாக இறங்கும். அலை உடையும் இடத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், மீன் அந்தப் பள்ளத்தில்தான். நூறு மீட்டர் வீசத் தேவையில்லை. பெரிய ஈயத்தால் பள்ளத்தைத் தாண்டி வீசிவிட்டு மீனே இல்லை என்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். கரைவலை இழுக்கும் இடமென்றால் வலை கரையேறும் வரை தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அது அவர்களின் பிழைப்பு.

கடற்கரை, வாடைக்காற்றுக் காலத்தில்: 90 முதல் 120 கிராம், அல்லது கம்பிக் கால் வைத்த நங்கூர ஈயம். 120 கிராமும் நிற்காமல் கரையோரமாக இழுபட்டால் வாவிக்குப் போங்கள். 150, 180 என்று ஏற்றிக்கொண்டு போவதில் ரொட்டுதான் உடையும்.

ஒலுவில் அலைதடுப்பு போன்ற கல் இடங்கள்: 20 முதல் 40 கிராம், மாங்காய் வடிவம், மெல்லிய துண்டில் கட்டியது. இங்கே ஈயம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பழைய போல்ட் நட், கழற்றிய ஸ்பார்க் பிளக் போன்றவற்றைக் கட்டுங்கள். இரும்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்குப் பெரிதாக இருக்கும், ஓட்டமும் கூடுதலாகத் தள்ளும். கல்லில் மாட்டிக் கிடக்கும் ஆழத்தில் அது பெரிய குறையில்லை. வடக்கே கயான்கேணிப் பவளப்பாறைப் பக்கம் கடல் சரணாலயம். அங்கே ஈயம் இறக்கும் பேச்சே வேண்டாம்.

குளம்: உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் எதுவானாலும் திலாப்பியாவுக்கு மிதப்பும் ஒன்றிரண்டு பிளவு ஈயமும் போதும். மிதப்பின் நுனி மட்டும் தெரியும்வரை ஈயத்தைச் சேருங்கள். மிதப்பு அதிகம் மேலே நின்றால் மீன் இழுக்கும்போது எதிர்ப்புத் தெரிந்து விட்டுவிடும். வீட்டில் வாளித் தண்ணீரில் இதைச் சரிபார்க்கலாம். ஆனால் அதே மிதப்பை உப்புத் தண்ணீரில் போட்டால் சற்று உயரமாக நிற்கும், இன்னும் ஒரு சிறு ஈயம் சேர்க்க வேண்டும். விராலுக்குத் தவளை போடும்போது ஈயமே வேண்டாம். குளத்திலும் வாவியிலும் முதலை உண்டு. சிக்கிய ஈயத்தை எடுக்க என்று இடுப்பளவுத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வள்ளத்தில் கைத்தூண்டில்: எடையைத் தங்கூசியின் சரிவு சொல்லும். ஈயம் அடியைத் தொட்டபின் தங்கூசி ஏறக்குறைய நேராக இறங்கினால் சரி. பாதிச் சரிவுக்கு மேல், அதாவது 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் ஈயத்தைக் கூட்டுங்கள். ஒரேயடியாக இரண்டு மடங்காக்காமல் படிப்படியாக.

8. சோதனை

வீசியபின் தங்கூசியை இறுக்கி, கரையில் உள்ள ஒரு தென்னையையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தங்கூசி தண்ணீரில் இறங்கும் இடம் அசையவே இல்லையா? அப்படியானால் ஒரு படி குறைத்துப் பாருங்கள். மெல்ல நகர்ந்து நகர்ந்து நிற்கிறதா? பெரும்பாலான மீனுக்கு இதுதான் சரியான எடை. நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறதா? முதலில் ரொட்டின் நுனியைத் தாழ்த்தியோ உயர்த்தியோ பாருங்கள், பிறகு வடிவத்தை மாற்றுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் எடையைக் கூட்டுங்கள்.

குறைத்துப் பார்க்கும் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈயம் நின்றுவிட்டது என்றதும் திருப்தி. தேவைக்கு மேல் 30 கிராம் கூடுதலாக இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கடி கைக்குத் தெரியாமல் போவதற்கு அந்த 30 கிராம் போதும். ஓட்டம் மாறும் நேரத்தில், மழை விட்டு வெயில் வந்தாலோ காற்றுத் திரும்பினாலோ, சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

9. அடிக்கடி காணும் தவறுகள்

பிளவு ஈயத்தை முள்ளுக்கு ஒட்டியே நசுக்குவது. இரை செத்ததுபோல் அடியில் கிடக்கும். ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அதைப் பல்லால் கடித்து நசுக்குவது. ஈயம் நஞ்சு; உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது, சிறுவர்களுக்கு இன்னும் கெடுதி. குறடு எதற்காக இருக்கிறது? கை கழுவாமல் பணிஸைப் பிய்த்துத் தின்பதும் இதே கணக்குத்தான்.

வீட்டில் ஈயம் உருக்குவது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், அடுப்பில் எளிதாகவே உருகிவிடும். அதுதான் ஆபத்து. ஈரமான அச்சில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கும். சமையலறையில் ஒருபோதும் வேண்டாம், பழைய பற்றரித் தகடு அதைவிடவும் வேண்டாம். வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை.

வெள்ளைப் பொடி படிந்த ஈயத்தை அப்படியே பையில் போடுவது. அந்தப் பொடியும் நஞ்சுதான். கழுவிக் காயவைத்து, மலிவான கியூட்டெக்ஸ் ஒரு பூச்சுப் பூசி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எடைக்கு ஒரு நிறம் என்று பூசினால் இருட்டில் டோர்ச் வெளிச்சத்திலும் தேடத் தேவையில்லை.

10. சிக்கிவிட்டால்

ரொட்டை வளைத்து இழுக்க வேண்டாம், நுனிதான் முறியும். முதலில் தங்கூசியைத் தளர விட்டுச் சற்றுப் பொறுங்கள். ஓட்டம் சில நேரம் ஈயத்தைத் தானே பின்னுக்குத் தள்ளிவிடும். பிறகு கரையோரமாக நாலைந்து மீட்டர் நடந்து, விழுந்த திசைக்கு எதிர்த் திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். இடுக்கில் எந்தப் பக்கமாகப் போனதோ அந்தப் பக்கமாகத்தான் ஈயம் வெளியே வரும்.

அதற்கும் வராவிட்டால் அறுக்க வேண்டியதுதான். தங்கூசியைக் கையில் சுற்றாதீர்கள், சதை வரை வெட்டும். ஒரு தடியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, ரொட்டை நிலத்தில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். இறுகிய தங்கூசி சட்டென்று விடும்போது ஈயம் நேராக உங்களை நோக்கித்தான் வரும். அறுந்து கையோடு வந்த தங்கூசியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் விட்டால் கொக்கின் காலிலும் நாயின் காலிலும் அதுதான் சுற்றும்.